சைக்கிள் கடைக்கு வலைத்தளம்: டிசைன் தயார், உள்ளே போட விவரம்தான் வரவில்லை

அகலத்திரை எழுதியது:

வணக்கம். வெப் டிசைன் கற்றுக்கொண்டு இப்போதுதான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் வேலை ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. அடுத்ததாக ஒரு பல் கிளினிக்கும் ஒரு தையற்கடையும் பேசி வைத்திருக்கிறார்கள். மூன்றுமே ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்துகிற இடங்கள்.

சைக்கிள் கடைக்கு நல்ல டெம்ப்ளேட் (முன்பே செய்து வைத்த வடிவமைப்பு) ஒன்று எடுத்து ஆறு பக்கம் போட்டுவிட்டேன். முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், வலைப்பதிவு, தொடர்புக்கு. முகப்பில் தானாக மாறிக்கொண்டே இருக்கிற மூன்று பெரிய படம். கடைக்காரர் பார்த்துவிட்டு "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றார். ஆனால் உள்ளே போட விவரம் கேட்டால் வருவதில்லை. "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டேன். "நீயே நல்லதா ஏதாவது போட்டுக்கோப்பா" என்கிறார். படமும் அப்படித்தான். இணையத்தில் கிடைக்கிற சைக்கிள் படத்தையே போடச் சொல்கிறார். டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி எழுத்து இன்னும் அப்படியே கிடக்கிறது.

கூடவே சில சந்தேகங்கள். டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) என் கணக்கிலேயே வாங்கிவிடு, எனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறார். வாங்கலாமா? உள்ளே போய் எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ள வழி தரும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்வதா, கையால் எழுதுகிற வெறும் எச்டிஎம்எல் பக்கம் போதுமா? இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. அவர் கடை ஏற்கெனவே கூகுள் மேப்பில் இருக்கிறது, வாட்ஸப்பிலும் ஆட்கள் பேசுகிறார்கள். அப்படியிருக்க அவருக்கு உண்மையிலேயே ஒரு தளம் தேவையா? தேவையில்லாததை விற்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

நிதானம் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்காகவே நீளமாக எழுதுகிறேன். இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் சின்ன இடங்களுக்குத்தான் செய்கிறேன், அதுதான் எனக்குப் பிடித்தமானதும்.

முதலில் எழுத்து விஷயம். கடைக்காரர் மேல் குறை ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கையில் கிரீஸோடு நிற்கிறவரிடம் "உங்களைப் பற்றி நான்கு வரி" என்றால் அவர் எதை எழுதுவார்? பரீட்சைத் தாளைக் கையில் கொடுத்த மாதிரிதான் இருக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். கூட்டம் இருக்கிற ஒரு பொழுதில் கடையில் போய் ஓரமாக உட்காருங்கள். போன் வரும்போதெல்லாம் எதிர்முனையில் என்ன கேட்டார்கள், இவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்து நிற்கிறவர்கள் கேட்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சைக்கிள் கடையில் வருகிற கேள்விகள் இப்படித்தான் இருக்கும்: பஞ்சர், இப்போதே கொண்டுவந்தால் நின்று வாங்கிப் போகலாமா? கியர் வண்டி பார்ப்பீர்களா? டிஸ்க் பிரேக்கில் சத்தம் வருகிறது, பேட் மாற்ற வேண்டுமா? பேட்டரி சைக்கிள் எடுப்பீர்களா? விட்டுவிட்டுப் போனால் எப்போது கிடைக்கும்? வேறு இடத்தில் வாங்கிய பாகத்தைக் கொண்டுவந்தால் மாட்டித் தருவீர்களா? உங்கள் தளத்தில் இருக்க வேண்டிய எழுத்து முழுக்க இதுதான். பதில்களும் அவர் வாயிலேயே வரும். "கியர் சரியா விழலைன்னா முதல்ல கேபிளைப் பார்ப்பேன், அதுல சரியாயிட்டா கையோட கொடுத்துருவேன். கியரைத் தாங்குற ஹேங்கர் வளைஞ்சிருந்தா மட்டும் விட்டுட்டுப் போகணும்." சேவைகள் பக்கத்தில் "தரமான சேவை, அனுபவம் வாய்ந்த பணியாளர்கள்" என்று எழுதுவதை விட இந்த இரண்டு வாக்கியம் எவ்வளவோ மேல். படிக்கிறவனுக்கு வண்டியை எப்போது எடுத்துக்கொண்டு போவது என்று தெரிகிறது. இந்த ஆளுக்குத் தொழில் தெரியும் என்பதும் தெரிகிறது.

குறித்ததை வைத்து நீங்களே எழுதி, அவர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். வெற்றுத் தாளில் ஒரு வரி எழுத முடியாத அதே மனிதர், தப்பாக எழுதிய வரியைக் கேட்டதும் "அது அப்படி இல்லப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு உங்களால் எழுதி மாளாது. எனக்கு நல்ல விவரமெல்லாம் அப்படித்தான் கிடைத்திருக்கிறது. ஒரு பேக் தைக்கிற அம்மா, "ஜிப் மாத்தித் தரப்படும்" என்று நான் எழுதியதைக் கேட்டதும், ஜிப்பை முழுசாக மாற்றாமல் ஸ்லைடரை மட்டும் மாற்றினாலே நிறையப் பை சரியாகிவிடும், அதைச் சொல்லாமல் முழு ஜிப்புக்குக் காசு வாங்குவது தப்பு என்றார். அதை அப்படியே முகப்பில் போட்டோம். அந்தக் கடையின் குணமே அந்த ஒரு வரியில் இருந்தது.

இப்போது ஆறு பக்கம். வலைப்பதிவை எடுத்துவிடுங்கள், எழுத ஆள் இல்லை. ஒரே ஒரு பதிவோடு நின்றுபோன வலைப்பதிவைப் பார்க்கிறவர், கடையே இருக்கிறதா மூடிவிட்டார்களா என்று யோசிப்பார். "எங்களைப் பற்றி" முகப்பிலேயே இரண்டு வரியாக அடங்கிவிடும். சைக்கிள் கடைக்கு ஒரே ஒரு நீளப் பக்கம் போதும் என்பது என் கருத்து. ஓடுகிற படங்களையும் எடுத்துவிடுங்கள். நோட்ரே டாம் பல்கலைக்கழகம் தன் முகப்பில் இப்படி ஓடிய படங்களை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று அளந்து பார்த்த கணக்கு 2013இல் வெளியானது. வந்தவர்களில் சுமார் 1 சதவீதம்தான், அதிலும் பெரும்பாலானோர் முதல் படத்தோடு சரி. பல்கலைக்கழகத்துக்கே அப்படி. உங்கள் கடைக்காரருக்கு வரப்போகிறவர் பஞ்சரான வண்டியோடு சாலையில் நின்று போனில் பார்க்கிறவர். போனில் பக்கம் திறந்ததும், விரலால் தள்ளாமலே நான்கு விஷயம் தெரிய வேண்டும்: என்ன வேலை செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், இப்போது திறந்திருக்கிறதா, எதைத் தொட்டால் அழைக்கலாம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

பல் கிளினிக்குக்கு இதே அச்சு பொருந்தாது. அங்கே வேர் சிகிச்சைக்கு ஒரு பக்கம், பல் பிடுங்குவதற்கு ஒரு பக்கம், குழந்தைகளுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். வலிக்குமா, எத்தனை தடவை வர வேண்டும், அன்றைக்கே சாப்பிடலாமா என்கிற பயத்துக்குப் பதில் அந்தப் பக்கங்களில் இருக்க வேண்டும். மருத்துவரின் படிப்பும் பதிவு எண்ணும் கண்ணில் படும்படி இருக்கட்டும். சிகிச்சைக்கு முன், பின் என்று நோயாளி படம் போடுகிற ஆசை வரும். எழுத்தில் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். மருத்துவர்கள் எப்படி விளம்பரம் செய்யலாம் என்பதற்குப் பல நாடுகளில் தனி விதிகளே உண்டு, அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தையற்கடைக்கு எழுத்தை விடப் படம்தான் பேசும். தைத்த துணியின் தையல் ஓரம் கிட்டத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். பழைய துணியைப் பிரித்துத் தைப்பார்களா என்பதை மட்டும் எழுத மறக்காதீர்கள், பாதிச் சண்டை அங்கேதான் வருகிறது.

படங்களை இணையத்தில் இருந்து எடுக்கவே வேண்டாம். அந்தப் படம் யாரோ எடுத்தது, உரிமை கேட்டுக் கடிதம் வந்தால் கடைக்காரர் பெயருக்குத்தான் வரும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், வருகிறவர் பார்க்க விரும்புவது அந்தக் கடையைத்தானே? சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, பக்கத்துக் கட்டடமும் கொஞ்சம் தெரிகிற மாதிரி கடை முகப்பை எடுங்கள். முதல்முறை வருகிறவர் அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். பிறகு அவர் வேலை செய்கிற மேசை, சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஸ்பேனர்கள், வீலைக் கோட்டம் பார்க்கும்போது அவர் முகம். போனே போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

டொமைன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். அவர் கேட்டாலும் உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். அவர் பெயர், அவர் ஈமெயில், அவர் கார்டு. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையாலேயே வாங்க வையுங்கள். வாங்கியதும் ஈமெயிலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும், அதை அன்றைக்கே அழுத்தச் சொல்லுங்கள். 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டாட் காம் போன்ற டொமைன்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. புதிதாகத் திறந்த தளம் காரணமே தெரியாமல் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பூட்டு, சாவி வேலை செய்கிற ஒருவர் என்னிடம் வந்தார். முன்பு தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் வைத்திருந்தார், பிறகு அந்தத் தொழிலையே விட்டுவிட்டார், போன் எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோவதில்லை. டொமைன் விற்கிற பதிவாளர் நிறுவனம் கொடுக்கிற சலுகை நாட்கள், அதற்குப் பிறகு கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், கடைசியாக நீக்கத்துக்கு 5 நாள், அப்புறம்தான் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும், உரிமையாளர் பெயர் பதிவில் இல்லாததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி வேறு யாரோ ஒருவரின் கைக்குப் போய்விட்டது. தன் கடைப் பெயரைத் தானே திரும்ப வாங்க முடியாமல் அவர் நின்ற நிலையைப் பார்த்ததில் இருந்து, டொமைன் தன் பெயரில் இல்லாத யாருக்கும் நான் டிசைன் தொடங்குவதே இல்லை.

தளம் தேவையா என்று கேட்டீர்கள். மேப் பதிவுதான் முதல் வேலை, அதில் சந்தேகமே வேண்டாம். அது அவர் கணக்கில் உரிமை உறுதிசெய்யப்பட்டிருக்கிறதா, நேரம் சரியா, வகை சரியா என்று பாருங்கள். தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம், தளத்தில் இருக்கும் எழுத்து அதற்குத்தான் உதவும். ஆனால் எல்லாவற்றையும் அடுத்தவர் இடத்திலேயே வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மேப் பதிவை நிர்வகிக்கிற கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக ஒரு சின்னத் தளம் செய்துகொள்ளும் வசதி இருந்தது. நிறையக் கடைகள் அதையே நம்பியிருந்தன. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். வைத்திராதவர்களுக்கு, அட்டையில் அச்சடித்த முகவரி பயனற்றுப் போனது. அதனால் என் பதில்: ஒரே பக்கமானாலும் அவருக்கென்று ஒன்று இருக்கட்டும், அதைப் பெரிதாக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேர்ட்பிரஸ் பற்றி என்னை விட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பல்சக்கரம் எழுதியது:

டெக்னிக்கல் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

வேர்ட்பிரஸ்ஸா எச்டிஎம்எல்லா என்பதற்கு முன்னால், தளம் திறந்த பிறகு அதில் யார் கை வைக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கடைக்காரரோ அவர் வீட்டில் யாரோ மாதம் ஒருமுறையாவது உள்ளே போய் எதையாவது மாற்றுவார்கள் என்றால் வேர்ட்பிரஸ். யாரும் தொடப்போவதில்லை என்றால் சாதாரண எச்டிஎம்எல் பக்கம். வேர்ட்பிரஸ் 2003இல் இருந்து இருக்கிறது, எந்த ஹோஸ்டிங்கிலும் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) ஓடும், அடுத்து வருகிற டெவலப்பருக்கும் தெரிந்திருக்கும், எல்லாம் சரி. ஆனால் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாமல் விட்ட தளம்தான் பெரும்பாலும் ஹேக் ஆகிறது. பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் அதை நிறுவிவிட்டு வருவது நல்லதில்லை.

வேகம். மெதுவாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் படம்தான். 12 மெகாபிக்சல் போன் எடுக்கிற படம் 4000க்கு 3000 பிக்சல், பல எம்பி இருக்கும். அகலத்தை 1600க்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும். கீழே இருக்கிற படங்களுக்கு லேஸி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போதுதான் படம் இறங்குவது) போடுங்கள். முகப்பில் முதலில் தெரிகிற படத்துக்கு மட்டும் போடாதீர்கள், போட்டால் அதுதான் தாமதமாகும். கூகுள் வைத்திருக்கிற அளவு: முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது அளவு 2024 மார்ச்சில் வந்தது. அகலம், உயரம் எழுதாமல் படம் போட்டால் பக்கம் குதிக்கும், அழைக்கப் போன விரல் வேறு எதையோ தொட்டுவிடும். அதற்கும் ஓர் அளவு உண்டு, 0.1க்குள் இருக்க வேண்டும்.

தொடர்புக்கான ஃபார்ம் வைக்கிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். ஃபார்மில் இருந்து போகிற ஈமெயிலில், அனுப்புநர் முகவரியாக வாடிக்கையாளருடைய ஜிமெயிலைப் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் அனுப்ப அனுமதி இல்லாதது, அதனால் நேராக ஸ்பேமுக்குப் போகும், அல்லது போகவே போகாது. அனுப்புநராகக் கடை டொமைனில் இருக்கிற முகவரியைப் போடுங்கள். வாடிக்கையாளர் முகவரி "பதில் அனுப்ப" இடத்தில் இருக்கட்டும். கடை டொமைன் பெயரில் போகிற ஈமெயில் உண்மையானதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டு பதிவையும் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சேர்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் இன்னும் கண்டிப்பாகிவிட்டன. சைக்கிள் கடைக்கு ஃபார்மே வேண்டாம் என்பேன், போன் எண்ணும் வாட்ஸப் பட்டனும் போதும். வாட்ஸப் இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ கூடாது. எண்ணைப் படத்துக்குள் எழுதிவிடாதீர்கள், தொட்டால் அழைப்பு போகாது.

ஃபார்ம் கட்டாயம் வேண்டும் என்றால், எழுத்துப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு 4.5க்கு 1 இருக்கட்டும். டெம்ப்ளேட்டுகளில் வருகிற வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறிக்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே தருகிறது, ஆனால் குறுகிய காலத்துக்குத்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும்படி ஹோஸ்டிங்கில் அமைத்துவிடுங்கள். சான்றிதழே இல்லாத தளத்தைக் குரோம் 2018இல் இருந்தே "பாதுகாப்பற்றது" என்று முகவரிப் பட்டையில் காட்டுகிறது. கடைப் பெயர், முகவரி, நேரம் மூன்றையும் ஸ்கீமா (தேடுபொறிகளுக்காகப் பக்கத்துக்குள் எழுதும்) குறியீட்டிலும் எழுதிவிடுங்கள், தேடுபொறிகள் அதை நேராகப் படிக்கும்.

கடிகாரக்கடை எழுதியது:

நான் டிசைனர் இல்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் தளம் இருக்கிறது. பணம் கொடுத்துச் செய்துகொண்டவன் என்ற முறையில் சில வார்த்தை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிதானம் சொன்னதுபோல ஒருவர் வந்து என் கடையில் உட்கார்ந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். எங்களுக்கு எழுத வராதே தவிர, பேச நிறைய இருக்கிறது. எனக்குத் தளம் செய்தவர் என்னிடம் நிறம் எது பிடிக்கும் என்று கேட்டார், எந்தத் தளம் மாதிரி வேண்டும் என்று கேட்டார். கடைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்கவே இல்லை. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அப்பாவுடைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவருகிறவர்கள். அது ஓட வேண்டும் என்பதை விட, டயலை மாற்றிவிடுவேனோ, கேஸைப் பாலிஷ் போட்டுவிடுவேனோ என்ற கவலைதான் அவர்களுக்கு அதிகம். நான் கேட்காமல் எதையும் மாற்றுவதில்லை, கழற்றிய பாகத்தைச் சின்னக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது என் தளத்தில் எங்கேயும் இல்லாமல் இருந்தது. பிறகு நானே சொல்லிச் சேர்த்தேன். இப்போது அழைக்கிறவர்கள் "பழைய பாகத்தைத் திருப்பித் தருவீங்கன்னு போட்டிருந்தீங்களே" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

விலைப் பட்டியல் போடுவதாக இருந்தால் அதை நாங்களே மாற்றும்படி செய்து கொடுங்கள். என் தளத்தில் பழைய கட்டணம் வெகுநாள் நின்றுவிட்டது. வாசலில் வந்து போனைக் காட்டுகிறவரிடம் நான் என்ன சொல்ல? அவர் கேட்பது நியாயம். விடுமுறை அறிவிப்பும் அப்படித்தான். மேப்பில் ஒரு நேரம், தளத்தில் ஒரு நேரம் என்று இருந்து, மூடிய கடைக்கு முன்னால் ஒருவர் தூரத்தில் இருந்து வந்து நின்றிருக்கிறார். அன்று அவருக்கு ஏற்பட்ட கோபம் முழுக்க நியாயமானது.

மாதாமாதம் வரைபடம் போட்டு அறிக்கை அனுப்புவார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வைத்துக்கொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? எத்தனை பேர் அழைத்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். புதிதாக வருகிறவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று நானே கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுகிறேன். எனக்கு அந்த நோட்டு போதும்.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது காலையில் தளம் திறக்கவில்லை என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டொமைன் எங்கே வாங்கினது, ஹோஸ்டிங் எங்கே, எப்போது பணம் கட்ட வேண்டும், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்து வருகிற ஆளிடம் எதைக் காட்ட வேண்டும். நான் அதைக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அகலத்திரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நிதானம் அக்கா சொன்னபடி கடையில் போய் உட்கார்ந்தேன். நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று கிடைத்தது. அழைக்கிறவர்களில் நிறையப் பேர் கேட்பது பேட்டரி சைக்கிள் பற்றித்தான். அவர் பிரேக், டயர், செயின் எல்லாம் பார்ப்பார், மோட்டாரையும் பேட்டரியையும் மட்டும் தொடமாட்டார். ஒவ்வொரு அழைப்பிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் "மின் சைக்கிள் பழுது" என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் "அய்யோ அப்படிப் போடாதே, பேட்டரியைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க" என்றார். டொமைனையும் அவர் பெயரிலேயே வாங்கியாயிற்று.

இப்போது இரண்டு சிக்கல். அவர் பழைய நோட்டீஸ் ஒன்றின் ஃபைலை அச்சகத்தில் இருந்து வாங்கிக் கொடுத்தார். அதில் இருந்த தமிழை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டுகிறது. தளத்தில் அந்த எழுத்துருவையே ஏற்றிவிட்டால் சரியாகத்தான் தெரிகிறது, அப்படியே விடலாமா? இன்னொன்று, டெம்ப்ளேட் பட்டன்களில் தமிழ் அடங்கவில்லை, உடைந்து இரண்டாவது வரிக்குப் போகிறது. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் கேட்பதும் கூச்சமாக இருக்கிறது, எப்படிச் சொல்வீர்கள்?

நிதானம் எழுதியது:

பேட்டரி விஷயத்தைத் தனி வரியாக, மேலேயே போடுங்கள் தம்பி. என்ன செய்யமாட்டார் என்பதை எழுதுகிற கடையை ஆட்கள் நம்புகிறார்கள், அவருக்கும் வீண் அழைப்பு குறையும்.

அந்த நோட்டீஸ் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்துருவை ஏற்றினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தேடுபொறிக்கு அது பொருளில்லாத எழுத்துக் குவியல். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதைத் தமிழாகப் படிக்காது. யாராவது முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினாலும் குப்பைதான் போகும். தமிழை உண்மையிலேயே தமிழாகச் சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், திறந்த உரிமத்தில் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிட மறக்காதீர்கள், படித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

பட்டனுக்கு நிலையான அகலம் கொடுத்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டு உள்ளிடைவெளி மட்டும் கொடுங்கள், எழுத்துக்கு ஏற்ப விரியட்டும். வார்த்தையையும் சுருக்குங்கள். "எங்களைத் தொடர்புகொள்ள இங்கே அழுத்தவும்" எதற்கு? "அழைக்க" போதும். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது வைத்துப் பாருங்கள், மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் இடிக்காமல் இருக்கும். சின்ன எழுத்தில் தடிமன் வேண்டாம், சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பராமரிப்புப் பணத்துக்குக் கூச்சப்படாதீர்கள், ஆனால் எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் போகிற பணத்தை அவரே நேராகக் கட்டட்டும், அதில் நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். உங்களுக்கு வருவது உங்கள் வேலைக்கு மட்டும்: மாற்றங்கள் செய்து தருவது, நகல் எடுத்து வைப்பது, வருடத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து நேரம், எண், கட்டணம் மூன்றையும் தளத்திலும் மேப்பிலும் ஒத்துப் பார்ப்பது. வேண்டாம் என்று அவர் சொன்னாலும் தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்ன இடங்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் நமக்கு அடுத்த வேலை வருகிறது. கடிகாரக்கடைக்காரர் கேட்ட அந்தத் தாளையும் வேலை முடிகிற அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். அதில் கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம், கணக்கு எந்த ஈமெயிலில் இருக்கிறது என்பது போதும்.

பல் கிளினிக் வேலை ஆரம்பிக்கும்போது இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள். நேரம் முன்பதிவு செய்யும் ஃபார்மில் நோயாளியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.